சீனக் கசாயம்

பல்லரோச் சந்தைச் சீனக் கடையில் வாங்கிய வேர்களை, வேலைவீட்டு முதலாளியம்மா சிஞ்ஞோறாவுக்காகக் கிளறா மூக்கைப் பொத்திக்கொண்டு அவித்தாள். செத்த எலியை ஊறப்போட்டதுபோல நாறியது.

"வயிற்று நஞ்சு இறங்க அம்மா இதைக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு முதியோர் இல்லம், உனக்கு வேலையில்லை" என்று சிஞ்ஞோறாவின் மகள் சொல்லியிருந்தாள்.

சிஞ்ஞோறாக் கிழவி நாள்தோறும் கோப்பையைக் காலியாக்கினாள். கிளறாவின் வேலை தப்பிப் பிழைத்தது. ஏனோ அவளுடைய வாயுத்தொல்லையும் பறந்துபோனது.

பிளாஸ்கில் அவள் கொண்டுவரும் மல்லித்தண்ணிதான் குமட்டியது. ஊரிலிருந்து மல்லி அனுப்பிய மன்னார்த் தங்கையிடம் தொலைபேசியில் சீறினாள்: "என்ன மல்லியடி அனுப்பினனி? குடிச்சால் சத்தி வருது!"

"அதே மல்லிதான் அக்கா நானும் குடிக்கிறன்."

திரும்பினால், சிஞ்ஞோறா கசாயத்தைக் கிளறாவின் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மகளிடம் சொன்னால் நான் இல்லத்துக்கு, நீ தெருவுக்கு. குடி!"

கிளறா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.