நான்கு விரல் குறை

கேன் நிறையவில்லை. பால் கழுத்துக்கு நான்கு விரல் கீழே நின்றது.

சங்கத்தின் எழுத்தர் பஷீர் அகமது எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பால் சங்கத்துக்கு நான்தான் தலைவன். நான் மலையைப் பார்த்தேன்.

ராஜகிரி உச்சியில் காலை வெயில் விழுந்துவிட்டது. அது பாதி மலை இறங்குவதற்குள் பால் வண்டி வந்துவிடும்.

குறைக் கேனை டிரைவர் ஏற்ற மாட்டான். வழியெல்லாம் குலுங்கி வெண்ணெய் தட்டிவிடுமாம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை ஊருக்கே தெரியும். எங்களுக்கோ வெண்ணெய் திரண்டாலே ஆபத்து. ஒரு நாள் கேன் குறைந்தாலும் மறுநாளிலிருந்து வண்டி முந்தின ஊரான வல்லத்தோடு திரும்பிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தான்.

அறுபத்தாறு சித்திரையில் தொடங்கிய சங்கம். இன்னும் ஆடி பிறக்கவில்லை. இருபது வீட்டு அடுப்பு அந்த வண்டியை நம்பி எரிகிறது.

வாசலில் பவுனம்மாள் நின்றாள். சேரியிலிருந்து எங்கள் சங்கத்துக்கு வந்த முதல் ஆள். கையில் தூக்கு நிறையப் பால். பிளாக் ஆபீசில் கடனுக்குக் கொடுத்த எருமையின் பால்.

"எம் பேருக்கு ஒரு அட்டை போட்டு, இத்த ஊத்திக்கங்க சாமி" என்றாள்.

அந்தத் தூக்குப் பால் விழுந்தால் கேன் நிறையும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஜெயராமன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அது வுயுந்த கேன்ல நாளைலேர்ந்து நாங்க ஊத்தமாட்டோம். பாத்துக்கண்ணா."

அவன் என் பங்காளி. அவன் பின்னால் பன்னிரண்டு வீடு இருக்கிறது. ஊற்றினால் பன்னிரண்டு வீடு போகும். ஊற்றாவிட்டால் வண்டியே போகும்.

சேரிப் பாலுக்குத் தனிக் கேன்தான் என்று முதல் கூட்டத்தில் பேசியவனும் நான்தான். அன்றைக்குக் கைகூடத் தட்டினார்கள்.

பவுனம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை பேசிவிடுவாளோ என்று அவள் வாயையே கவனித்தேன்.

என் தூக்கு காலியாக மூலையில் கிடந்தது. பசு உதைத்துத் தட்டிவிட்டது என்று வந்த உடனே சொல்லி வைத்திருந்தேன்.

வெயில் பாதி மலைக்கு இறங்கியது. தூரத்தில் ஹாரன் கேட்டது.

பஷீர் பாய் எழுந்து வாசலுக்குப் போனார். பவுனம்மாளிடமிருந்து தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தார்.

"ஒரு மாசமா உங்க பசு எருமைப் பாலா கறக்குதேன்னு நான் கேட்டனா தலைவரே?"

ஜெயராமன் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

என் பசு வறண்டு முப்பது நாள் ஆகிறது. பால் ஊற்றாதவன் தலைவனாக இருக்க முடியாது என்பது சங்கத்தின் சட்டம். தினமும் விடிவதற்கு முன்னால் என் வீட்டுக் கொல்லையில் பவுனம்மாளிடம் பால் வாங்கி, என் பேரில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று அவள் கொல்லைப் பக்கம் வரவில்லை. வாசல் பக்கம் வந்திருக்கிறாள்.

இத்தனை நாளும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும், இத்தனை பேர் நடுவில் நிற்கும்போதும், சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பஷீர் பாயிடமிருந்து தூக்கை வாங்கிக் கேனில் கவிழ்த்தேன். பால் கழுத்தைத் தொட்டது.

"உனுக்குக் கை கூசலியாண்ணா?" ஜெயராமன் கத்தினான்.

வண்டி வாசலில் வந்து நின்றது.

"முப்பது நாளா இதே பாலத்தாண்டா ஊத்துறேன்" என்றேன், டிரைவருக்கும் கேட்கிற மாதிரி. "கூசல."