இடது பக்கத்துத் தவில்

பூங்கோதையின் இயர்போன் ஜோடியில் இடதுக்கு ஒரே அழுகை. "என் பக்கம் மட்டும் தவில் கேட்கவே மாட்டேங்குதாம்!"

"உன்னால என்னையும் சேர்த்துக் கடையில திருப்பிக் கொடுக்கப் போறா" என்று எரிந்து விழுந்தது வலது.

இயர்போன் டப்பாவில் உபரியாகச் சும்மா கிடந்த பெரிய அளவு காது ரப்பர் சிரித்தது. "அவளுக்கு இடது காது கொஞ்சம் பெரிசு. உன் சின்ன ரப்பரோட ஓரச் சந்துல தவில் தப்பிச்சு ஓடிடுது."

திருப்பிக் கொடுக்க அவள் டப்பாவை எடுத்ததும், பெரிய ரப்பர் துள்ளி மடியில் விழுந்தது. இடதில் மாட்டிப் பார்த்தாள். உடனே எழுந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

"ஆளுக்கொரு அளவு ரப்பர்! பார்க்க ஜோடி மாதிரியே இல்லையே நாம" என்று முனகியது வலது.

இடதோ தவிலை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.