அன்னம்மாள் இட்லி கேட்டாள்

"அண்ணி நேத்து இட்லி கேட்டாங்களாம்ணா! அதுவும் நம்ம ஊரு கோயில் இட்லிதான் வேணும்னு ஒரே அடமாம்" என்றான் ராமராஜன்.

கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்த காசிநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "மெட்ராஸ் ஆஸ்பத்திரியில போயி கோயில் இட்லி கேக்குறாளா? திமிரு குறையல பாரு அவளுக்கு. அப்பால இன்னா சொன்னா?"

"நர்சைப் புடிச்சி திட்டுனாங்களாம். 'ஊசி போடுறியா, கோணி தைக்கிறியா'ன்னு."

"ஆமாம்பா, சொல்லுவா, அவ சொல்லக்கூடியவதான்!" காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கூடவே சிரித்தார்கள். பக்கத்து வீட்டு நதியாவுக்கு மட்டும், அடுப்பில் குழம்பைச் சூடு பண்ணவேண்டும் என்பது திடீரென்று ஞாபகம் வந்தது.

அன்னம்மாள் இட்லி கேட்கவில்லை. தாமல் ஏரிக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்த ஸ்கூட்டரை லாரி இடித்த அன்றைக்கே அவள் போய்விட்டாள். காசிநாதன் நினைவில்லாமல் கிடந்தபோதே, வாலாஜாபாத்திலிருந்து அவள் தம்பி வந்து கொள்ளி வைத்து, கருமாதியும் முடித்துவிட்டான்.

"ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு. இப்ப சொன்னா இவரும் போயிடுவாரு" என்று டாக்டர் கையை விரித்தார். பிள்ளை குட்டி இல்லாத மனுஷர். தெருவே சேர்ந்து அவரைத் தத்தெடுத்துக்கொண்டது.

பொய் இலாகா ராமராஜன் பொறுப்பு. பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். விசைத்தறிப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கைத்தறி என்று சத்தியம் செய்கிற வாய்க்கு, செத்தவளைக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பது பெரிய வேலையா? போனில் பேசவேண்டும் என்று கேட்டால் சொல்வதற்காக ஒரு கண்டிப்பான டாக்டரையும் ஒரு உடைந்த செல்போனையும்கூட அவன் தயாராக வைத்திருந்தான். காசிநாதன் கேட்கவே இல்லை. தெருவின் நல்ல நேரம்.

காலையில் டீ ஒருவர். மத்தியானச் சாப்பாடு நதியா. சாயந்திரம் அரட்டைக்குக் கூட்டம். முகம் மழித்துவிட்டார்கள், வாக்கரைப் பிடித்து நடக்கவைத்தார்கள், சீட்டாட்டத்தில் வேண்டுமென்றே தோற்றார்கள். நேரமானால் பேச்சோடு பேச்சாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

வேலை செய்தது. காசிநாதனுக்குப் பிரஷர் இறங்கியது, பசி எடுத்தது, கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. டாக்டரே அசந்துபோனார். "எந்த மருந்துன்னு தெரியல, நல்லா தேறிட்டாரு. இனிமே பக்குவமா சொல்லிடலாம்" என்றார்.

டீக்கடையில் தெரு கூடியது. மெய்யாகவே ஒரு பெருமூச்சு கேட்டது.

"எவ்ளோ நாளைக்குத்தான் தினமும் போயிக்கினே இருக்கிறது?" என்றான் ஆட்டோ ஓட்டுகிற தினகரன். "சவாரி கெடுதுபா. சொல்லிட்டோம்னா ஒரு நாள் அழுவாரு. நாமளும் கூட குந்தி அழுதுட்டு, அவங்கவங்க வேலையப் பாக்கலாம்."

"எனக்கும் சரக்கு தீந்துபோச்சு" என்றான் ராமராஜன். "அண்ணி உயிரோட இருந்தப்பகூட இவ்ளோ பேசுனதில்ல."

யார் சொல்வது? ஆண்கள் எல்லாரும் டீ கிளாஸின் அடியைப் பார்த்தார்கள். சமைத்துப் போடுகிறவள்தானே, சாப்பாட்டோடு சாப்பாடாகச் சொல்லிவிடட்டும் என்று நதியா தலையில் கட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நதியா காத்திருந்தாள். நெஞ்சுவலி மாத்திரையைக் கைக்கு எட்டும்படி எடுத்து வைத்தாள். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட, வாசலில் தினகரன் ஆட்டோவோடு நின்றான்.

"மாமா, அத்தையப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இன்னாவாம்? இட்லி வேணாம், தோசை வேணும்ன்றாளா?"

"வெளாடாதீங்க மாமா. மனசைத் திடமா வெச்சிக்குங்க. அத்தை வந்து... அத்தை..."

"செத்துட்டா."

நதியா மாத்திரையை எடுக்கக் கையை நீட்டினாள். காசிநாதன் சொம்பைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்கு வந்த மொத நாளே தெரியும்மா. அத்தினி பேரு வந்தீங்க. ஒருத்தர்கூட 'போயிட்டு வரேன்'னு சொல்லிக்கல. எழவு வூட்லேர்ந்துதானே நம்ம ஜனம் அப்படி எழுந்து போவும்? அம்மாம் பொய் சொன்ன ராமராஜன், அதையும் ஒண்ணு சேத்து சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் மாமா தினமும் 'இன்னா சொன்னா, இன்னா சொன்னா'ன்னு கேட்டீங்க?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "தெருமுனையில கைலாசம் பொண்டாட்டி போய்ச் சேந்தாளே. நல்லா கூட்டம் கூடுச்சு. நீயும் போன இல்ல?"

"போனேன் மாமா."

"அவன் வூட்டுக்குக் கடைசியா எப்பப் போன?"

"கருமாதிக்கு."

"அதுக்கப்பால?"

நதியா எச்சில் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே, ஆயிற்றா என்பதுபோல் ஆட்டோ ஹாரன் ஒருமுறை கத்தியது.

காசிநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அப்பால யாரும் வர மாட்டீங்க."