பின்சுவர்

வெள்ளம் வடிந்த உடுமலைப்பேட்டைத் தெருவில், வீடுகளின் சேதத்தைப் பார்க்க வந்த தாலுகா ஆபீஸ் ஞானாபரணம், செருப்பைக் கையில் பிடித்தபடி தாஜுன்னிசாவின் வீட்டுக்குள் நுழைகிறார். சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. ஓடு விலகிய இடத்தில் வெயில் நேராக விழுகிறது. வாசலில் காயப்போட்ட கேசட்டுகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. அவர் பின்சுவரை விரலால் அழுத்துகிறார். விரல் மெத்தென்று உள்ளே போகிறது. மேலே உத்தரம் வரைக்கும் விரிசல். “அம்மணி, இந்தச் செவுரு எப்ப வேணாலும் உழுந்துரும். உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாதுங்க.” “நானும் சொல்லிப்போட்டனுங்க. ஓடைத்தண்ணி எங்க கேசட்டுக் கடைய இழுத்துட்டுப் போனதுல இருந்து அவருக்குப் பேச்சே இல்லீங்க.” அந்தச் சுவரை ஒட்டி, ஈரம் காயாத கயிற்றுக் கட்டிலில் அவள் கணவர் ஜபருல்லா படுத்திருக்கிறார். கண்கள் திறந்தேயிருக்கின்றன. “ஏனுங்க, ஆபீசர் வந்திருக்காருங்க. எந்திரிச்சு வாங்க.” ஞானாபரணம் குனிந்து அவர் தோளைத் தொடுகிறார். “பாய், வெளிய போயிரலாமுங்க.” ஜபருல்லா அவர் பக்கம் திரும்புகிறார். பிறகு கால்களை மடக்கி, சுவர்ப்பக்கமாக நகர்ந்து, வந்தவர் உட்கார இடம் விடுகிறார். விரிசலிலிருந்து மண் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஞானாபரணம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கீழே வைத்து, உட்காருகிறார்.