பந்தயத் தூரம்

மியூனிக் தொழிற்சாலையின் சோதனை அறையில், பந்தயக் காருக்கான அந்த டர்போ இன்ஜின் நின்ற இடத்திலேயே முழுப் பந்தயத் தூரத்தையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன் செய்தவையெல்லாம் பாதியிலேயே வெடித்துச் சிதறியவை.

பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கம்ப்யூட்டர் பெட்டியை உருவாக்கிய அன்னகிரெட் துள்ளினாள்.

“தாங்கிருச்சு, ஃபோல்க்மார்! ஏன் கல்லு மாதிரி நிக்கிறீங்க?”

தலைமைப் பொறியாளரான அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“மேலிடத்துக்குப் போன் போடுங்க,” என்றாள் அவள். “அடுத்த பந்தயத்துக்கு இதுதான்!”

“காலையில அவங்களே போட்டாங்க. கம்பெனி பந்தயத்தை விட்டே விலகுதாம். இன்னியோட இந்த அறைக்குப் பூட்டு.”

“தெரிஞ்சுமா ஓட்டச் சொன்னீங்க?”

“ஒரு தடவையாவது ஓடுமான்னு பார்க்கணும்போல இருந்துச்சு.”

இன்ஜினை அணைக்கப் போன அவள் கை நின்றது.

“பெட்ரோல் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப ஓடட்டும்.”