அவள் கைச் சாப்பாடு

"சோத்துல என்னத்தடி கலந்தே?" என்று கணவன் தட்டைத் தள்ளினான். மனநல மாத்திரைகளுக்கும் அந்தச் சந்தேகம் மசியவில்லை. அவள் வழக்கம்போல ஒரு வாய் தின்று காட்டினாள். அலுத்துப்போயிருந்தது.

புது டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அவளிடம் விளக்கினார். "மூளையில நாடாப்புழு கூடு கட்டியிருக்கு. புத்தி பேதலிச்சதுக்கு இதுவே காரணமா இருக்கலாம். குணப்படுத்திடலாம்மா."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எப்படி வந்துச்சு டாக்டர்?"

"சாப்பாட்டோட புழு முட்டை உள்ளே போயிருக்கும். வயித்துல புழு இருக்கறவங்க கையைச் சரியாக் கழுவாம சமைச்சாப் போதும். வீட்டுல யாரு சமைக்கறது?"

பரிசோதனையில் அவள் குடலில்தான் புழு இருந்தது.

இருவருக்கும் மருந்து கேட்டது. "பசிக்குது, சோறு போடு" என்று அவன் தெளிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். அவள் குழாயடியில் இன்னும் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.