பின்கண்ணாடிக்கு ஓர் ஆள்

"என்ன மோட்டார் தம்பி மாட்டுனீங்க? குப்பையில பொறுக்குனதா?"

சந்திரமதி போட்ட சத்தத்தில், வொர்க்‌ஷாப்பில் காத்திருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

லோகேஸ்வரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோத்தா திங்கி டவுனில் வொர்க்‌ஷாப் போட்ட நாளிலிருந்து, ஒரு பின்கண்ணாடி வைப்பருக்காக யாரும் அவனை இப்படி வைததில்லை.

முதல் தடவை வந்தபோது மோட்டார் நிஜமாகவே எரிந்து போயிருந்தது. புதுசு மாட்டி, தண்ணீர் அடித்து, ஓட்டிக் காட்டித்தான் அனுப்பினான். கொஞ்ச நாளில் அந்தம்மா திரும்பி வந்தார். மோட்டாருக்குப் போகும் வயர் பிளக் கழன்று கிடந்தது. தன் தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டு, மறுபடி மாட்டி, மேலே டேப்பும் சுற்றி அனுப்பினான்.

இப்போது மறுபடியும்.

"மழை வந்தா இந்த மனுஷன்தான் இறங்கித் துடைக்கிறாரு! பாக்கறவங்க என்னைய என்ன நினைப்பாங்க?" என்று பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டினார்.

பார்த்தவர்களில் லோகேஸ்வரனும் ஒருவன்.

போன வாரம் டவுன் சிக்னல். கொட்டுகிற மழை. சிவப்பு விழுந்ததும் இதே சின்ன எஸ்யூவியின் கதவு திறந்தது. மஞ்சள் ரெயின்கோட்டில் அந்தம்மாவின் புருஷன் திருச்செல்வம் குதித்து இறங்கினார். பின்கண்ணாடியைத் துண்டால் பரபரவென்று துடைத்தார். அதற்குள் பச்சை விழ, சந்திரமதி வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார்!

மனுஷன் துண்டும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார். அடுத்த சிக்னலில் பிடித்துவிட்டார். பிடித்தவர் ஏறவில்லை. முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்துக் கார்க்காரர், "அங்கிள், சினி ஜுகா லா!" என்று தன் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லிக் காட்ட, அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்.

கட்டின புருஷனை இப்படியா ஒரு பொம்பளை வேலை வாங்குவார் என்று அன்றைக்கே லோகேஸ்வரனுக்கு மனசு கசந்துபோயிற்று.

பின்கதவின் உள்மூடியைத் திறந்தான். பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிய டேப்பை யாரோ பொறுமையாகப் பிரித்து எடுத்திருந்தார்கள்.

தானாகக் கழல்கிற பிளக் இல்லை அது. கிளிப்பை அமுக்கிப் பிடித்து இழுத்தால்தான் வரும்.

மாட்டி, ஸ்விட்சைத் தட்டினான். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடியது.

"ஓடுதா தம்பி?"

பின்னால் நின்ற திருச்செல்வம், எழவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டார். பிறகு அவன் கையைப் பிடித்து டயர் அடுக்கிற்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காதப்பா. அதைக் கொஞ்சம் கெடுத்து விட்டுர முடியுமா?"

"அலமாக்! அப்ப பிளக்கைக் கழட்டுனது நீங்கதானா அங்கிள்?"

"சத்தியமா இல்லப்பா! அந்த மூடி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. முனியாண்டி கோயில்ல வேண்டிக்கிட்டேன். ரெண்டு தடவையும் சாமி கைவிடல."

"வைப்பர் கெட்டுப் போகணும்னா வேண்டிக்கிட்டீங்க?"

திருச்செல்வம் தரையைப் பார்த்தார்.

"பாசிர் கூடாங்ல ஃபேக்டரிய மூடுனப்புறம் வீட்லயே கிடந்தேன் தம்பி. அவ பலகாரத்தை ஏத்திக்கிட்டு கடை கடையாப் போயிருவா. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டு படுத்திருப்பேன். இந்த மோட்டார் எரிஞ்ச அன்னிக்குத்தான், 'ஏங்க, நீங்க வந்தாதான் வண்டிய எடுக்க முடியும்'னு சொன்னா. வைப்பர் ஓட ஆரம்பிச்சா என்னைய எதுக்குக் கூப்பிடப் போறா?"

லோகேஸ்வரன் பக்கத்துக் கடையில் தே தாரேக் டீ வாங்கி வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, நேரே சந்திரமதியிடம் போனான்.

"ஆண்ட்டி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வைப்பர் ஓடுனாலும் ஓடாட்டியும் அங்கிளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. பக்கத்துல சும்மா உக்காந்து வரட்டும். மழையில இறக்கிவிட்டு ஓட வைக்காதீங்க. பாவம் லா."

சந்திரமதி கடைப்பக்கம் எட்டிப் பார்த்தார். புருஷன் காது கேட்கிற தூரத்தில் இல்லை. குரல் தன்னால் இறங்கியது.

"கூப்பிடாமலா இருந்தேன்? தினம் கூப்பிட்டேன். 'நான் எதுக்கு? முறுக்கு டப்பா மாதிரி உக்காந்து வரவா?'ன்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. சோறு இறங்காது. பேச்சு கிடையாது. இப்பப் பாருங்க, வானம் கறுத்தா எனக்கு முன்ன ரெயின்கோட்டோட வாசல்ல நிக்கறாரு. அன்னிக்கு சிக்னல்ல வேணும்னுதான் வண்டிய எடுத்தேன். ஓடிவந்து பிடிச்சிட்டேன்னு வீட்டுல அவ்வளவு பெருமை!"

லோகேஸ்வரன் விழித்தான்.

"அப்புறம் எதுக்கு ஆண்ட்டி ரிப்பேருக்குக் கொண்டு வர்றீங்க? வந்து இந்தக் கத்துக் கத்துறீங்க?"

"ரிப்பேர் பண்ணாம வெச்சிருந்தா, அவருக்காகத்தான் விட்டு வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுடுமே தம்பி."

திருச்செல்வம் தே தாரேக் கட்டிய பிளாஸ்டிக் பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

சந்திரமதி அவசரமாகக் கட்டைவிரலை லோகேஸ்வரன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தத் தடவை நீங்களே கழட்டி விட்டுருங்க. அந்தக் கிளிப்பை அமுக்கி அமுக்கி எனக்கு நகமே ஒடஞ்சு போச்சு."